மூணாவது கேள்வி

கொஞ்சம் தள்ளி உக்காருங்கம்மா. மடியில பூ இருக்கு, நசுங்கிரும். நிலக்கோட்டைப் பூவு. காலையில மொட்டா வாங்கி, ஈரத்துணியில சுத்தி வெச்சிருக்கேன். எனக்கில்ல. நான் பூ வெச்சு எத்தனையோ வருஷமாச்சு. ஜன்னலோரம் தூங்குறாளே, என் மக சுபாஷினி, அவளுக்குத்தான். இல்லம்மா, நான் வெச்சுவிடக் கூடாது. நானே வெச்சுவிட்டா அப்புறம் அதுல என்ன இருக்கு? அவ புருஷன் கையால வெக்கணும். ஆலடிச்சேரி விலக்குல மாப்ள பைக்கோட நிப்பார். எறங்குன ஒடனே அவர் கையில பூவக் குடுத்து, வெச்சுவிடுங்க மாப்ளன்னு சொல்லி, ரெண்டு பேரையும் பைக்ல ஏத்தி அனுப்பிட்டு, எதிர் பஸ்ஸப் புடிச்சு நான் திண்டுக்கல் திரும்பிருவேன். அவ்வளவுதான் ஜோலி.

பெருசா ஒண்ணுமில்ல, சின்ன மனஸ்தாபம். முந்தாநாள் சாயங்காலம் ஒரு துணிப்பையோட வாசல்ல வந்து நின்னா. என்ன ஏதுன்னு நான் கேக்கல. கேட்டாத்தான் வளரும். அவளே ஏதோ சொல்ல வந்தா. ஒரு வேடிக்கையச் சொல்லி வாய அடைச்சு, சோத்தப் போட்டுத் தூங்க வெச்சேன். மறுநாள் மாப்ளைக்குப் போன் போட்டேன். "கோவத்துல ரெண்டு வார்த்தை பேசிட்டேன் அத்தை, மனசுல வெச்சுக்காதீங்க"ன்னார். எவ்வளவு மரியாதை பாருங்க. கோழித்தீவனம் ஏஜென்சி எடுத்து நடத்துறார், ஒரு கெட்ட பழக்கம் கெடையாது. போன ஆறு மாசமா இவகிட்ட இருந்து ஒரு போன் வரல. சரி, சந்தோஷமா இருக்கான்னு நான் நிம்மதியா இருந்தேன்.

தூங்கட்டும் விடுங்க. ஒடம்பு சரியில்ல. தொண்டை கட்டிருச்சு, பேச்சே வரல. அதான் இந்த வெயில்லயும் துப்பட்டாவக் கழுத்துல சுத்திக்கிட்டு இருக்கா.

எனக்கு இந்தப் புருஷன் பொஞ்சாதி விவகாரமெல்லாம் தண்ணி பட்ட பாடு. மகளிர் போலீஸ் ஸ்டேஷன்ல இருந்தேன். எஸ்.எஸ்.ஐ.யா ரிட்டயர் ஆனேன். அந்த ஸ்டேஷன் இருக்குற ஊர்ல போய் இந்திராணின்னு சொல்லிப் பாருங்க, இன்னைக்கும் நாலு பேர் எந்திரிச்சு நிப்பான். நான் சேத்து வெச்ச குடும்பத்த வரிசையா நிப்பாட்டுனா இந்த பஸ் பத்தாது.

நீங்க நெனைக்கிற மாதிரி அதட்டி உருட்டி இல்ல. அதெல்லாம் தொழில் தெரியாதவ செய்யிறது. என் வழியே வேற. பொம்பள அழுதுக்கிட்டு வருவா. அழ விடணும், ஒரு டீ வாங்கிக் குடுக்கணும். அப்புறம் அவனக் கூப்பிட்டு விடணும். அவன் வந்து நிக்கும்போது ஒரு வார்த்தை பேசக் கூடாது, பேசாம நிக்க விடணும். நின்னுநின்னு அவனுக்கே கூசிப் போகும். அப்பச் சொல்லணும், "இனிமே கை ஓங்க மாட்டேன்னு எழுதுடா"ன்னு. எழுதுவான். எழுதி முடிச்சதும் கேட்டுக்கு வெளிய பூக்காரம்மா இருப்பா, நானே போய் ஒரு மொழம் வாங்கிட்டு வந்து அவன் கையில குடுப்பேன். ஸ்டேஷன்ல இருக்குற எல்லாரும் சுத்தி நிப்போம். வாசல்ல பாரா நிக்கிறவ கூட எட்டிப் பாப்பா. அவன் அவ தலையில பூ வெப்பான். நாங்க கைதட்டுவோம். அவ அழுவா, அவன் அழுவான், எங்களுக்கும் கண்ணுல தண்ணி வந்துரும். பூ வெச்சாச்சுன்னா கேஸ் முடிஞ்சுச்சு. எஸ்.பி. ஆபீஸ்ல இருந்து மத்த ஸ்டேஷன்காரிகளுக்குச் சொல்லுவாங்க, "இந்திராணி மாதிரி முடிச்சு விடுங்கம்மா"ன்னு.

அப்படி ஓடிக்கிட்டிருந்த ஸ்டேஷன்லதான் அவ வந்து நுழைஞ்சா. பேரு நித்யகல்யாணி. பேருதான் அப்படி, கல்யாணம் ஆகல. ஏதோ யுனிவர்சிட்டியில ஆராய்ச்சியாம். ஒரு ஜோல்னாப் பை, காதுல ஒரு கடுகளவு தோடு, தலைமுடிய நல்லா ஒட்ட வெட்டிக்கிட்டு. தலையில பூ வெக்க எடமே கெடையாது அவளுக்கு! எங்க இன்ஸ்பெக்டர் லில்லி புஷ்பம், அதுவும் சின்ன வயசுதான், நேரா பரீட்சை எழுதி வந்தது, அது இவளக் கையப் புடிச்சுக் கூட்டிட்டு வந்து எங்ககிட்டச் சொல்லுது: "இனிமே நாம ஆதாரத்த வெச்சு வேலை பாக்கணும்."

எனக்குச் சிரிப்பு வந்துருச்சு. அப்ப இத்தன வருஷமா நாங்க என்ன, குறி சொல்லியா வேலை பாத்தோம்? திருடன் எவன், குடிகாரன் எவன், புளுகுறவ எவன்னு நடை பாத்துச் சொல்லுவேன் நான். பொம்பள ஸ்டேஷன் படி ஏறும்போதே தெரியும், இவ நெசமா அடி வாங்கினவளா, மாமியாரப் பழிவாங்க வந்தவளான்னு. இதுக்கு ஆராய்ச்சியா? ஆத்தா வயித்துல இருந்து வந்ததும் நேரா பள்ளிக்கூடம், பள்ளிக்கூடத்துல இருந்து காலேஜு, காலேஜுல இருந்து எங்க ஸ்டேஷன். ஒரு ஆம்பளைக்குச் சோறு போட்டிருப்பாளா? ஒரு நாள் மாமியார்கிட்டப் பேச்சு வாங்கியிருப்பாளா? அவ வந்து எனக்குக் குடும்பம் எப்படி நடக்குதுன்னு பாடம் எடுக்குறா.

என்ன பண்ணா தெரியுமா? நான் சேத்து வெச்சு அனுப்புனேன்ல, அந்தப் பொம்பளைங்க வீட்டுக்கு ஒவ்வொண்ணா போயிருக்கா. வேலையத்த வேலை. போய் உக்காந்து, தண்ணி வாங்கிக் குடிச்சு, "இப்ப எப்படி இருக்கீங்க"ன்னு கேட்டிருக்கா. கேட்டா சொல்லுவாளுகளா? ஆனா இவ என்ன சொக்குப்பொடி போட்டாளோ, அவளுக சொல்லியிருக்காளுக. பாதிப் பேருக்கு மேல மறுபடி அடிதானாம். சிலபேருக்கு முன்னவிட மோசமாம். அன்னைக்கு மாடி ஹால்ல எங்க எல்லாரையும் உக்கார வெச்சு இதச் சொன்னா. எனக்குச் சுருக்குனு வந்துருச்சு. எந்திரிச்சுக் கேட்டேன்.

"ஏம்மா, அடி வாங்குறவ எதுக்கு மறுபடி ஸ்டேஷனுக்கு வரல? நான் முடிச்ச கேஸு ஒண்ணு கூட திரும்பி வந்தது கெடையாது, தெரியுமா?"

அதுக்கு அவ சொல்றா, மெதுவா, புள்ளைக்குச் சொல்ற மாதிரி: "மேடம், அவங்க திரும்பி வரலங்குறதுக்கு நல்லா இருக்காங்கன்னு அர்த்தமில்ல. எல்லார் முன்னாடியும் பூ வெச்சுக் கைதட்டி அனுப்பிட்டோம். அதுக்கப்புறம் எந்த மொகத்த வெச்சுக்கிட்டு வருவாங்க?"

கேட்டீங்களா? கேஸ் வந்தாலும் குத்தம், வரலைன்னாலும் குத்தம். வரலைன்னா நல்லா இருக்கான்னுதானே அர்த்தம்? நீங்களே சொல்லுங்க. தபால் ஆபீஸ்ல இருக்கேன்னீங்க. போன தபால் திரும்பி வரலைன்னா போய்ச் சேந்துருச்சுன்னுதானே எடுத்துக்குவீங்க?

ம்... நீங்களும் அவள மாதிரியே பாக்குறீங்க. சரி விடுங்க.

அப்புறம் கேள்வி. எழுதக்கூட வேணாமாம், வாயால கேட்டாப் போதுமாம். பொம்பள மனு குடுக்க வந்தா அவளத் தனியா உக்கார வெச்சு இதக் கேக்கணும். உலகம் பூராப் பொம்பளைங்க செத்த கேஸையெல்லாம் எடுத்து, சாகுறதுக்கு முன்னால என்னென்ன நடந்துச்சுன்னு பாத்துப் பாத்து உண்டாக்குன கேள்வியாம். செத்தவளுக்கெல்லாம் கேள்வி கண்டுபுடிச்சிருக்காளுக. மொதக் கேள்வி, "அடி இப்பக் கொஞ்ச நாளா கூடிப் போச்சா?" இது ஒரு கேள்வியா? அடிக்கு என்ன தராசா வெச்சிருக்கு? ரெண்டாவது, "கொன்னுருவேன்னு சொல்லியிருக்கானா?" நம்ம ஊர்ல எந்தப் புருஷன் சொல்லல? என் வீட்டுக்காரர் உப்பு கம்மின்னா சொல்லுவார். அப்படிப் பாத்தா நான் எத்தன வாட்டி செத்திருக்கணும்!

மூணாவதுதான் பெரிய கேள்வியாம். "உன் கழுத்தப் புடிச்சு நெரிச்சிருக்கானா? மூச்சு முட்டுச்சா?" அதக் கேக்கும்போது அவ மொகத்தப் பாக்கணுமே, என்னமோ அணுகுண்டு ரகசியம் மாதிரி. கன்னத்துல அறையிறவன் வேற, கழுத்துல கை வெக்கிறவன் வேறயாம். கழுத்துல கை வெச்சவன் ஒருநாள் கொல்லாம விட மாட்டான், மத்த எல்லாத்தையும் விட இதுதான் பெரிய அடையாளம், இதுக்கு மட்டும் ஆமான்னு சொல்லிட்டா அந்தப் பொம்பளைய அந்த வீட்டுக்கு அனுப்பவே கூடாதுன்னா. வெளிய காயமே தெரியாதாம். குரல் கம்மிப் போகுமாம், முழுங்க முடியாதாம், அத வெச்சுத்தான் கண்டுபுடிக்கணுமாம். சளி புடிச்சவளையெல்லாம் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டு ஓடச் சொல்றா!

அன்னைக்குக் கீழ ஒரு ஜோடி காத்துக்கிட்டிருந்துச்சு. நான் சமாதானம் பேசி முடிச்சு வெச்ச ஜோடி, பூ வெக்கிறது மட்டும்தான் பாக்கி. இவ மூணாவது கேள்விய வெச்சு நீட்டி முழக்கிக்கிட்டிருந்தா. இதுக்கு ஆமான்னு பதில் வந்தா அடுத்து என்னென்ன செய்யணும்னு ஆரம்பிச்சா. நான் எந்திரிச்சு வெளிய வந்துட்டேன். எவன் கேப்பான் இத?

சுபா, ஏ சுபா, இந்தா இட்லி. காலையில இருந்து வெறும் வயிறு. வேணாமா? முழுங்க முடியலியாம். பாத்தீங்களா, நேத்தும் இப்படித்தான், கஞ்சியா வெச்சுக் குடுத்தேன். தண்ணியாவது குடிடி. சரி, தூங்கு.

இவளுக்குச் சின்ன வயசுலயே டான்சில் தொந்தரவு உண்டு.

எங்க விட்டேன்? ஆங், அந்த ஹால்ல. அதுக்கு முன்னால ஒருத்தி கதை இருக்கு. அந்தக் கதையையும் கேளுங்க, அப்பத்தான் உங்களுக்கு அந்த நித்யகல்யாணியோட லட்சணம் புரியும். காளீஸ்வரின்னு ஒரு பொண்ணு. பஞ்சாலையில வேலை. இந்த நித்யகல்யாணி வர்றதுக்கு ஒரு வருஷம் முன்னாடி எங்கிட்ட வந்துச்சு. "மேடம், கழுத்தப் புடிச்சுட்டாரு"ன்னு சொல்லுச்சு. நான் என்ன சொன்னேன் தெரியுமா? "கழுத்தப் புடிச்சானா, கழுத்துல கெடக்குற தாலி பத்திரமா இருக்கான்னு பாத்தானா?" ஸ்டேஷனே சிரிச்சுச்சு. அந்தப் பொண்ணும் சிரிச்சிருச்சு, அழுதுக்கிட்டே. அதுதான் வேணும். சிரிப்பு வந்துட்டா பாதிக் கோவம் போச்சு. கழுத்துல ரெண்டு பக்கமும் செவப்பா கொஞ்சம் தடிச்சிருந்துச்சு. வேர்க்குரும்மா. பஞ்சாலைச் சூட்டுக்கு வராதா? அவனக் கூப்பிட்டு, எழுதி வாங்கி, பூ வெச்சு அனுப்புனேன். நல்ல ஜோடி. அவன் அவ்வளவு அழகாப் பூ வெச்சான்.

அது செத்தது வேற விஷயம். கெணத்துல தவறி விழுந்துருச்சு. ஆர்.டி.ஓ. வந்து விசாரிச்சார், தண்ணி எடுக்கப் போன எடத்துல கால் வழுக்கிருச்சுன்னு முடிச்சுட்டாங்க. அத இந்த நித்யகல்யாணி தோண்டி எடுத்துட்டு வந்து, நான் எந்திரிச்சு வர்றதுக்குக் கொஞ்சம் முன்னாடி, அந்த ஹால்ல அத்தனை பேர் முன்னாடி, பேர் சொல்லாம, "நம்ம ஸ்டேஷனுக்கு வந்த ஒரு பெண்"ணுன்னு சொல்றா. "அவங்ககிட்ட இந்த ஒரு கேள்விய யாராவது நெசமாக் கேட்டிருந்தா"ங்குறா. எல்லாரும் என்னையத் திரும்பிப் பாக்குறாளுக. எனக்கு எப்படி இருந்திருக்கும்? நான் சாகடிச்ச மாதிரி! கெணத்துக்கு நானா கூட்டிட்டுப் போனேன்? அந்தக் கோவந்தான் எனக்கு இன்னைக்கும் ஆறல. என் சர்வீஸ்ல ஒரு மெமோ வாங்கினது கெடையாது. ஒரு சின்னப் பொண்ணு, காக்கிச்சட்டை போடாதது, என் பேர்ல மண்ண வாரிப் போட்டுட்டுப் போயிருச்சு.

லில்லி புஷ்பம் உத்தரவு போட்டுருச்சு. யார் வந்தாலும் இந்தக் கேள்வியக் கேட்டே ஆகணும். சரி, உத்தரவுன்னா உத்தரவு, நான் மீறுறவளா? கேட்டேன். புருஷனப் பக்கத்துல உக்கார வெச்சுக்கிட்டு ஒரே மூச்சுல கேட்டேன். "அடி கூடியிருக்கா கொன்னுருவேன்னானா கழுத்தப் புடிச்சானா போனப் புடுங்குறானா அப்படியெல்லாம் ஒண்ணும் இல்லைல்ல?" அவ அவன் மொகத்த ஒருவாட்டி பாப்பா. "இல்ல மேடம்"பா. முடிஞ்சுச்சு. ஒருத்தி விடாம எல்லாரும் இல்லதான். மாசக் கடைசியில நித்யகல்யாணிகிட்ட நானே போய்ச் சொன்னேன், "இந்தா பாரும்மா உன் ஆதாரம். இந்த ஊர்ல ஒரு பய ஒரு பொம்பள கழுத்துல கை வெக்கல. போய் உன் யுனிவர்சிட்டியில சொல்லு"ன்னு.

அவ என்னைய நிமிந்து பாத்தா. அப்புறம், "மேடம், தனியா வெச்சுக் கேட்டீங்களா?"ன்னா. தனியா என்ன தனியா? புருஷன் பொஞ்சாதிக்குள்ள என்னம்மா தனியா?

மறுவாரமே எனக்கு கோர்ட் டியூட்டி. பொழுதன்னைக்கும் கோர்ட் வராண்டாவுல நிக்கிறது. லில்லி புஷ்பம் வேலைதான். பூக்காரம்மா கேட்டுல இருந்து எடத்த மாத்திக்கிட்டுப் போயிட்டா, ஸ்டேஷன்ல யாவாரம் இல்லைன்னு. அதுக்கப்புறம் அந்தக் கேள்வியக் கேட்டுக் கேட்டு எத்தன குடும்பத்தப் பிரிச்சாளுகளோ. ஒருத்தி காப்பகத்துக்குப் போனா, ஒருத்தி புள்ளைகளோட திருப்பூர்ல போய்த் தையல் மிஷின்ல உக்காந்திருக்கா. உசுரோட இருக்காளேங்குது லில்லி புஷ்பம். உசுரோட இருந்தா மட்டும் போதுமாம்மா பொம்பளைக்கு? நாலு பேர் கேட்டா என்ன சொல்லுவா?

அந்த நித்யகல்யாணி போகும்போது எல்லார் போன்லயும் அவ நம்பரப் போட்டு வெச்சுட்டுப் போனா. "சந்தேகம் வந்தா எந்நேரமும் கூப்பிடுங்க மேடம்"னு எங்கிட்டயும் சொன்னா. எனக்காச் சந்தேகம் வரும்! என் போன்ல அவ பேரக்கூட நான் போடல. கேள்வின்னு போட்டு வெச்சிருக்கேன். அழிக்கத் தெரியல, இல்லைன்னா அன்னைக்கே அழிச்சிருப்பேன்.

போனா? இவகிட்டயா? இவகிட்ட இப்பப் போன் கெடையாதும்மா. மாப்ள வாங்கி வெச்சிருக்கார். பொழுதன்னைக்கும் அதையே நோண்டிக்கிட்டு இருந்தா, கண்ணு கெட்டுப் போகும்னு. அக்கறைதானே? எந்தப் புருஷன் இந்தக் காலத்துல பொண்டாட்டி கண்ணப் பத்திக் கவலைப்படுறான்?

ஏம்மா, அவள ஏன் எழுப்புறீங்க? தூங்கட்டும்னேன்ல. என்ன, தூங்கலையா? இவ்வளவு நேரம் கேட்டுக்கிட்டா இருந்த? கண்ண மூடிக்கிட்டு எல்லாத்தையும் கேட்டுக்கிட்டு இருந்திருக்கா பாருங்க கள்ளி.

என்ன கேட்டீங்க அவகிட்ட? நான் இங்க நடுவுல உக்காந்திருக்கேன், என்னையத் தாண்டிக் குனிஞ்சு அவகிட்ட என்ன கேக்குறீங்க? வேணாம். அந்தக் கேள்விய நீங்க கேக்காதீங்க. பஸ்ல பக்கத்துல உக்காந்தா எதையும் கேட்டுரலாமா? யார் நீங்க? இது என் மக. இவ புருஷன் குடிக்க மாட்டான், ஒரு பீடி கெடையாது, அத்தை அத்தைன்னு...

என்னடி தலையாட்டுற?

எதுக்குடி அவங்களப் பாத்துத் தலையாட்டுற? என்னையப் பாத்துச் சொல்லு. தொண்டை கட்டிருக்குன்னுதானே சொன்ன எங்கிட்ட? சத்தமாச் சொல்லு, கேக்கல. என்னது? சொன்னியா? எப்பச் சொன்ன? முந்தாநாளா?

நான் சிரிச்சேனாம். கேட்டீங்களாம்மா. முந்தாநாள் வாசல்ல வெச்சே சொன்னாளாம். நான் தாலி வேடிக்கையச் சொல்லிச் சிரிச்சேனாம். ஒரு வேடிக்கைக்குச் சொல்றதுதான். எல்லார்கிட்டயும் சொல்றதுதான்...

துப்பட்டாவ எடுக்காத சுபா. பஸ்ல எல்லாரும் இருக்காங்க. எடுக்காதன்னா கேளு.

இந்தப் பக்கம் திரும்பு. வெளிச்சத்துக்குத் திரும்பு.

இது பெருவெரல். இந்தப் பக்கம் நாலு வெரலு. நகம் பட்டிருக்கு இங்க. எனக்குத் தெரியும்மா, இது எனக்குத் தெரியும். காளீஸ்வரிக்கு இதே எடத்துலதான், இதே மாதிரி ரெண்டு பக்கமும்... வேர்க்குருன்னேன். வேர்க்குரு ரெண்டு பக்கமும் கை அளவுக்கா வரும்? அய்யோ. ரெண்டு நாளா என் வீட்டுல, என் பக்கத்துல படுத்துக் கெடந்தாளேம்மா. கஞ்சி வெச்சுக் குடுத்தேனே. ஒரு தடவை அந்தத் துணிய வெலக்கிப் பாக்கலியே நான்.

என்ன கண்டக்டர்? ஆலடிச்சேரி விலக்கா? தெரியுது, தெரியுது. கத்தாதீங்க. அதோ நிக்கிறார் மாப்ள. வெள்ளைச் சட்டை. பைக்க நிழல்ல நிப்பாட்டியிருக்கார். கைய ஆட்டுறார் பாருங்க, சிரிச்ச மொகமா. நான்தான் வரச் சொன்னேன். நான் சொன்ன நேரத்துக்கு முன்னாடியே வந்து நிக்கிறார்.

சுபா எந்திரிக்க மாட்டேங்குறா. என் கைய இப்படி இறுக்கிப் புடிச்சிருக்கா.

எறங்கல, கண்டக்டர். ஆமா, இது வரைக்குந்தான் டிக்கெட் எடுத்தேன். இப்ப எறங்கல. விசிலடிச்சு வண்டிய எடுங்க, தேனிக்கு ரெண்டு டிக்கெட் போடுங்க. என்ன மொறைப்பு? போலீஸ்காரி சொல்றேன், எடுங்கன்னா எடுங்க! ஜன்னலச் சாத்துடி. குனிஞ்சுக்கோ. அவன் பாக்க வேணாம்.

போயிருச்சா? பின்னாடி பைக் வருதான்னு பாருங்கம்மா. வரலியா? நல்லாப் பாருங்க.

நீங்க என்னைய அப்படிப் பாக்காதீங்க. உங்ககிட்ட நான் ஒண்ணும் ஒத்துக்கல. அந்தக் கட்டைமுடிக்காரி சொன்னதெல்லாம் சரின்னு நான் சொல்லல. அவ அவதான், நான் நான்தான். இந்தப் பூவப் புடிங்க. ஜன்னல் வழியா வீசிட்டாலும் சரி, நீங்களே வெச்சுக்கிட்டாலும் சரி.

இந்தாங்க போன். கண்ணாடி இல்லாம எனக்கு எழுத்துத் தெரியாது. கேள்வின்னு போட்டிருக்கும், தேடி எடுங்க. அதேதான். அடிச்சு நீங்களே பேசுங்க, நான் பேச மாட்டேன். இந்திராணி கேக்குறான்னு சொல்ல வேணாம். யாரோ ஒரு அம்மா, பஸ்ல, பக்கத்துல மகளோட உக்காந்திருக்காங்கன்னு சொல்லுங்க. மூணாவது கேள்விக்கு ஆமான்னு பதில் வந்துருச்சு, அடுத்து என்ன செய்யணும்னு மட்டும் கேட்டுச் சொல்லுங்க. அவ அதச் சொல்லிக் குடுத்தப்ப நான் ஹால்ல இல்லம்மா. பூ வாங்க வெளிய போயிட்டேன்.